காஞ்சனபுரிப் பயணத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குக் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்டதுதான் சயாம் மரண ரயில் பாதை. அதைப் பார்க்க, மலேசியாவிலிருந்து காரிலேயே தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய் வந்தோம். என் அம்மாவின் பெரியப்பா, ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை. அந்த இடத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அது நிறைவேற, முன்பின் தெரியாத பலர் துணை நின்றார்கள்.

எல்லையில் தாய்லாந்து வாகனக் காப்புறுதி எடுத்துக் கொடுத்த அக்கா, எந்தக் காகிதத்தை எந்த முகப்பில் காட்ட வேண்டும் என்று வரிசைப்படி அடுக்கியே தந்தார். சும்போன் தாண்டி டயர் வெடித்தபோது, மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நின்று, மழையில் நனைந்தபடி மாற்று டயரைப் பூட்டிக் கொடுத்தார். காசை நீட்டினால் வாங்கவில்லை. இருவருக்கும் நன்றி.

அப்புறம், காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்வே மையத்தின் ஊழியர். இவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அம்மா பெரியப்பாவின் பெயரைச் சொன்னதும், 'பட்டியலில் தேடிப் பார்க்கிறேன்' என்று ஒப்புக்கு ஆறுதல் சொல்லவில்லை. உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி விளக்கினார். 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களுக்கு ராணுவப் பதிவேடு இருந்தது, அதனால் கல்லறையும் இருக்கிறது. மலாயாத் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர்கள் என ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடுதான், ஏனென்றால் அவர்களைப் பெயர் பெயராக எழுதிவைத்தவர் யாருமில்லை.

"உங்கள் பெரியப்பாவின் பெயர் எங்களிடம் இருக்காது, அம்மா. நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்" என்றார். தோட்டத்தின் பெயர், அவர் போன வருடம், கூடப் போனவர்கள் என்று அம்மா சொல்லச் சொல்லப் பொறுமையாக எழுதினார். எங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி வெளியார் அக்கறையோடு கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

மறுநாள், அந்த ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற இடத்துக்குப் போனோம். காஞ்சனபுரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பாதை வெட்டிய பாறை இடுக்குக்குப் படிகளில் இறங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. 'வேண்டாம், மேலேயே இருங்கள்' என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அங்கே வந்திருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர் தன் ஊன்றுகோலை அம்மா கையில் கொடுத்துவிட்டு, மறுபக்கம் தோள் கொடுத்தார். அவருடைய அப்பா அங்கே கைதியாக இருந்து உயிர் பிழைத்தவராம். படிக்குப் படி நின்று நின்று இறங்கினார்கள்.

கீழே பாறைச் சுவரில் துளைக்கம்பி இறங்கிய தடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, செங்குத்தாக, விரல் நுழையும் அளவுக்கு. ஓரிடத்தில் உடைந்த கம்பியே பாறைக்குள் சிக்கி நிற்கிறது. ஒருவர் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, இரவிலும் மூங்கில் பந்த வெளிச்சத்தில் வேலை நடந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் 'நரக நெருப்பு' என்று பெயர் வந்ததாம். அம்மா ஒரு தடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். அந்த நாகரிகத்துக்கும் சேர்த்து அவருக்கு என் வணக்கம்.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் இருந்தால், தெரிந்ததை இப்போதே எழுதி அந்த மையத்துக்கு அனுப்புங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெரியப்பாவின் படம் இருந்தால் அனுப்பச் சொல்லி அந்த ஊழியர் கேட்டிருந்தார். வீட்டில் இருந்த ஒரே படத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டோம். வந்து சேர்ந்தது என்று பதிலும் போட்டார்.