அடைத்து வைத்தால் சோறும் போட வேண்டும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக நெல்லு வெட்டி முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. அக்காவுக்கு முழங்கால் நோவுதான் குறைந்தபாடில்லை.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த கோபம் மனதை விட்டுப் போகவில்லை. முட்கம்பிக்குள் கிடந்த சனம் நாங்கள், தொற்றைக் காட்டியும் மனிதரை அடைப்பதை ஏற்க மாட்டேன் என்கிறாய். கோபம் எனக்கு விளங்குகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்தது. நோயைத் தடுக்கவா அடைத்தார்கள்? அடைத்ததால்தானே நோய் வந்தது! ஒரே கூடாரத்துக்குள் பல குடும்பம், தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. கொப்புளிப்பானும் மஞ்சள் காமாலையும் பரவின. நோய்க்காக ஒருவரை விலக்கி வைப்பதென்றால் அவருக்கு இடைவெளி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அங்கே இவை ஒன்றும் இருக்கவில்லை. அதை வைத்துத் தனிமைப்படுத்தலை எடைபோடாதே.

என்ன நோய் என்பதையும் பார்க்க வேண்டும். டெங்குக்கு ஆளை அடைத்துப் பயனில்லை, நுளம்பைத்தான் ஒழிக்க வேண்டும். கொரோனா அப்படியில்லை. காய்ச்சல் தொடங்க இரண்டு நாளுக்கு முன்பே மற்றவருக்குத் தொற்றிவிடும். தனக்கு வந்திருப்பது தெரியாமலே ஒருவர் சந்தைக்குப் போய்வருவார். 2020இல் எங்களிடம் தடுப்பூசியும் இல்லை. நோயாளியோடு பழகியவர்களை 14 நாள் வீட்டில் இருக்கச் சொன்னது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். சலரோகமும் பிரஷரும் உள்ள எங்கள் வயதானவர்களை வேறு எப்படிக் காப்பாற்றுவது?

ஆனால் செய்த விதம்! கொரோனாத் தடுப்புக்கான தேசிய செயலணிக்குத் தலைமை இராணுவத் தளபதி. தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஒன்று கேப்பாப்புலவு விமானப்படை முகாம். தங்கள் காணியை விடுவிக்கச் சொல்லிச் சனம் மாதக்கணக்கில் தெருவில் இருந்து போராடிய அதே கேப்பாப்புலவு. வன்னியில் ஒரு வீட்டுப் படலையில் சீருடை வந்து நின்றால் தாய்மாருக்கு வேறு நினைவுகள் வரும். காய்ச்சல் உள்ள பிள்ளையை ஒளிக்கத்தான் பார்ப்பார்கள். அப்போது நோய்தானே வெல்கிறது. 2014இல் லைபீரியாவில் எபோலா பரவியபோது, வெஸ்ட் பாயிண்ட் என்ற சேரி முழுவதையும் படையை வைத்து மறித்தார்கள். சனம் கிளர்ந்தது, சுட்டதில் ஒரு பெடியன் செத்தான். பத்து நாளில் மறிப்பை எடுக்க வேண்டி வந்தது.

எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பில் கடையில் நின்ற தகப்பன் ஊருக்கு வந்தார். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து, வீடு தனிமைப்படுத்தலில் இருக்கிறதென்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார். அந்த மனிதர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அந்த வீட்டில் சமையல் நடப்பது தாய் கச்சான் பிடுங்கப் போகும் நாட்கூலியில். நிவாரணப் பொதி வந்து சேர்வதற்குள் அடைப்பே முடியப்போனது. அயலவர்கள்தான் அரிசியும் மீனும் படலையில் தொங்கவிட்டுப் போனார்கள். ஊருக்காக ஒரு வீடு உள்ளே இருக்கும்போது அந்த வீட்டுக்கு உலை வைப்பது ஊரின் கடமை, அரசின் கடமை. அதைச் செய்ய மாட்டோம் என்றால் நோட்டீஸ் ஒட்டும் உரிமையும் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மச்சான். இலங்கையின் தனிமைப்படுத்தல் சட்டம் 1897இல் வந்தது. அதைத் திருத்தும்போது இந்தக் கடமையை முதலில் எழுத வேண்டும்.

உன் மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள் என்றாயே. வீட்டில் இருக்கச் சொன்னவர்களுக்குக் கூலி இழப்பை அங்கே எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கதைக்கப் போகிறேன். அடுத்த தொற்றுக்கு முன்னமே கொஞ்ச அரிசியும் பருப்பும் சங்கத்தில் ஒதுக்கி வைக்கலாம் என்பது என் எண்ணம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி