யாரும் பார்க்காத இரவில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த ஒரு கட்டுரையில், மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயம் போய்விட்டால் மனிதன் எதற்கும் துணிந்துவிடுவான் என்று எழுதப்பட்டிருந்தது. நான் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இளம் வயதிலிருந்தே கடவுள் நம்பிக்கை இல்லாதவள். அந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் இரவுப் பணிதான். நினைவிழந்து கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். அதிகாலை மூன்று மணிக்கு வார்டில் என்னைக் கவனிக்க ஒருவரும் இல்லை. நோயாளிக்கோ எதுவும் தெரியாது. ஒருவேளை புரட்டாமலே, புரட்டியாயிற்று என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த முதுகு சிவந்திருப்பதைக் கண் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. அவ்வளவுதான் என் அறம். என்னோடு பணிபுரிந்த தோழி பணி தொடங்கும் முன் தவறாமல் பிரார்த்தனை செய்வாள். அவளும் அதே பதைப்போடுதான் புரட்டினாள். எங்கள் இருவர் கைகளுக்கும் இடையே எந்த நோயாளியாலும் வேறுபாடு கண்டிருக்க முடியாது.

ஒருமுறை மருந்து அலமாரியில் கணக்கு இடித்தபோது, முதல் சந்தேகம் என் மீதுதான் விழுந்தது. ‘சாமி பயம் இல்லாதவள்தானே’ என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். எண்ணியதில்தான் பிழை என்று மறுநாள் தெரிந்தது. அந்தச் சொல் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் கொடுஞ்செயல் புரிந்த ஒருவனைப் பற்றிச் சொல்லிக் கேட்டபோது, அவன் நாத்திகனாகத்தான் இருப்பான் என்ற பக்கமே மனம் சாய்ந்தது. நாத்திகர்களிடமும் அந்தச் சாய்வு இருந்தது என்பதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அவ்வளவு ஆழமாக ஊறிப்போன எண்ணம் இது.

உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்தைச் சமணமும் ஏற்கவில்லை, பௌத்தமும் ஏற்கவில்லை. கொல்லாமையை இவற்றைவிட வலியுறுத்திய நெறிகள் எத்தனை? கடவுளை மறுப்பது ஆணவம் என்ற பழி பகத்சிங் மீதும் விழுந்தது. அதற்கு அவர் 1930இல் சிறையிலிருந்தே விரிவாகப் பதில் எழுதினார். மறுமையில் எந்தப் பலனும் கிடைக்கும் என்று எதிர்பாராமல்தான் மறு ஆண்டு தூக்குமேடை ஏறினார்.

‘கடவுள் மேல் அப்படி என்ன கோபம்?’ என்றும் கேட்பார்கள். இல்லை என்று நினைக்கும் ஒருவர் மீது எப்படிக் கோபம் வரும்?

ஆன்மிகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்பாதவர்களின் உள்ளம் வறண்டு கிடக்கும் என்கிறார்கள். மரணப் படுக்கையில் இருந்த ஒரு மூதாட்டி, பிள்ளைகள் வந்து சேரும் முன், தன் பிரார்த்தனைப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். அவருக்குக் கண் தெரியவில்லை. நான் வாசித்தேன், ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாதியில் என் விரலைப் பற்றிக்கொண்டார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. அதன் பிறகும் அந்தப் பக்கத்தை முடிக்காமல் மூட எனக்கு மனம் வரவில்லை. அப்போது எனக்குள் நிறைந்த அமைதிக்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. அது எனக்கு வாய்க்காது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கட்டுரையாளர் தம் நம்பிக்கையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும், படிக்கிறேன். எங்களைப் பற்றி எழுதும் முன் எங்களில் ஒருவரையாவது அழைத்துப் பேசுமாறு அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்