சின்னக்குட்டிக்கு, குன்னூரிலிருந்து அப்பா

அன்பு சின்னக்குட்டிக்கு,

போன் போட்டால் "டூட்டியில இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். கேரட் பாத்தியைக் காட்டெருமை மிதித்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன தடவை வந்தபோது ரோட்டில் 108 சத்தம் கேட்டு, சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாயே. ரசம் முழங்கை வரை வழிந்தது, உனக்குத் தெரியவில்லை. வண்டி வளைவு தாண்டிப் போன பிறகும் நின்றாய். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினாய், நாலு தடவை. அம்மா சுடுதண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேஷுவால்டியில் ரெட் ஜோன்ல, ரொம்ப சீரியஸா வர்றவங்களைப் பார்க்கிற இடத்துல போட்டிருக்காங்க என்று நீ சொன்ன அன்று டீக்கடை முழுக்கச் சொன்னேன். நம்ம லைன் வீடுகளிலிருந்து போன முதல் நர்ஸ் நீதான். ஆனால் மூன்று நைட் பார்த்துவிட்டு நாலாவது நாளும் அடுத்தவளுக்காக நிற்கிறாயே, முடியாது என்று சொல்ல வாய் வராதா? நைட் முடிந்து வந்ததும் டீ குடிக்காதே. ஜன்னலைத் துணியால் மூடிவிட்டுத் தூங்கு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அந்தப் பச்சைக் கம்பளியை ஏன் தொடவிட மாட்டேன் என்று கேட்பாய். 2009 நவம்பரில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் போனார்களே, அப்போது மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஒரு பிள்ளையை அதில் சுற்றித்தான் ஜீப்பில் ஏற்றினேன். உன் வயசு. "இதோ வந்துட்டோம்மா" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் கம்பளியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி நீ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். நான் தள்ளிவிட்டேன். உன் தாடையில் இருக்கிற தையல் அதுதான். படியில் வழுக்கி விழுந்தாய் என்று அம்மாவைச் சொல்ல வைத்தவன் நான். அதற்கப்புறம் குடித்தேன். வீட்டில் யாரும் அந்த மழையைப் பற்றிப் பேசக்கூடாது என்றேன். எதையும் வெளியே சொல்லாமல் இருக்க நீ என்னிடம்தான் கற்றிருப்பாய். மன்னித்துக்கொள் தாயி.

சுகாதார நிலையத்தில் 14416 என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், டெலி மானஸ், மனசுக் கஷ்டத்தைச் சொல்லிப் பேசுகிற அரசாங்க நம்பர். எந்நேரமும் தமிழில் பேசலாம். போன வாரம் நானே கூப்பிட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றி முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். எடுத்த பெண் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நீயும் அந்த நம்பரை எழுதி வைத்துக்கொள். கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடமாவது பேசு.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவசரப்பட்டு எழுந்து வராதே. தூங்கிவிட்டு வா, நான் ஹாஸ்டல் வாசலில் இருப்பேன். அம்மா வர்க்கி கொடுத்தனுப்புகிறாள்.

அப்பா