பறவை நோக்கர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

பறவைகளை எண்ணிக் குறித்து வைப்பது மட்டும் போதாது, பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடும் வேலையையும் ஒரு பருவமாவது கூட நின்று படிக்க வேண்டும் என்று போன வருடக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். இந்த மாரியில் அது நடந்தது. கல்லூரி ஒன்றின் ஆய்வு நிலைய வளவில், வனசீவராசிகள் திணைக்கள அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்கள் வலை கட்டினார்கள். நாங்கள் தடி நட்டோம், துணிப்பை பிடித்தோம், குறிப்பு எழுதினோம்.

விடிய முன்னரே வலையை விரிக்க வேண்டும். பற்றைக்கு முன்னால் அது இருப்பதே தெரியாது, நூல் அவ்வளவு மெல்லியது. மோதிய பறவை வலையின் மடிப்பில் விழுந்து கிடக்கும். அரை மணிக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்ப்பது கட்டாயம். எடுத்த பறவையின் எடையைப் பார்த்து, செட்டையை அளந்து, இறகு மாற்றத்தைப் பார்த்து, இலக்கமிட்ட அலுமினிய வளையத்தைக் காலில் போட்டுப் பறக்க விடுவார்கள். மழையால் பல காலைகள் வலை விரிக்காமலே திரும்பினோம். சிலருக்கு அதில் மனக்குறை. ஆனால் நனைந்த குருவி வலையில் குளிர்ந்து செத்துப்போகும்; விரிக்காததுதான் சரி.

ஐப்பசியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அங்கத்தவர் ஒருவரின் விறாந்தையில் விடியற்காலையில் ஒரு ஆறுமணிக் குருவி களைத்து விழுந்து கிடந்தது. இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே வருகிற பறவை அது. காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து, பின்னேரம் பற்றையோரம் விட்டோம், பறந்துவிட்டது. அதன் காலில் வளையம் இருக்கவில்லை. எங்கிருந்து வந்தது, எத்தனையாவது மாரி, எதுவும் தெரியாமலே போய்விட்டது. வளையம் எதற்கு என்று எனக்கு உண்மையில் விளங்கியது அன்றைக்குத்தான்.

பருத்தித்துறைக்கு நேரே அக்கரையில் கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல வருடமாக வளையமிட்டு வருகிறது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போயிருக்கின்றன. நடுவில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணக் கரையில் பார்க்க ஆள் இல்லையென்றால் அந்த உழைப்பில் பாதி வீண். அதனால் பண்ணையிலோ மண்டைதீவிலோ தொண்டைமானாற்றிலோ கரைப்பறவைகளைப் பார்க்கும்போது அலகைப் பார்த்ததும் காலையும் பாருங்கள். வளையமோ நிறப்பட்டியோ தெரிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், இடம், திகதி எல்லாவற்றையும் எழுதி, முடிந்தால் படமும் எடுத்துச் செயலாளரிடம் தாருங்கள்.

சுண்டிக்குளத்துக்கு வழமைபோலப் போய்வந்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கரையில் எறிந்து கிடக்கும் தங்கூசி (நைலோன் இழை) வலைத் துண்டுகளில் உள்ளான்களின் கால் சிக்குவதை இம்முறையும் கண்டோம். அடுத்த ஆவணிக்குள், வலசை தொடங்குமுன், அவற்றைப் பொறுக்கி அகற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்க வேண்டும் என்று பிரேரிக்கிறேன். கத்தரிக்கோலும் சாக்கும் கொண்டுவர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தாருங்கள்.

செயலாளர்