இச்சிரோ 27 வயதில் தொடங்கியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தன்னம்பிக்கைப் பக்கத்தில் ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசூகியை "27 வயதில் தொடங்கியும் 3,089 ஹிட் அடித்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் முதல் பேஸ் என்னும் ஓட்ட முனைக்காவது ஓடிச் சேர்வது) கணக்கு சரி, வயதுதான் தவறு. தாமதமாகத் தொடங்குவோருக்கு அவர் முன்னுதாரணம் என்ற கட்டுரை முழுவதும் அந்தத் தவறின் மேல்தான் நிற்கிறது.

2001-இல் அமெரிக்காவின் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு வருமுன்பே அவர் ஜப்பானில் ஒன்பது சீசன் ஆடி முடித்திருந்தார். ஆரிக்ஸ் புளூவேவ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது 1992-இல், 18 வயதில். முன்காலைத் தூக்கி ஊசல்போல் ஆட்டி அடிக்கும் அவர் பாணி அன்றைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியிலேயே கிடந்தார். 1994-இல் மேலாளராக வந்த ஓகி அகிரா அவரை அவர் போக்கிலேயே ஆடவிட்டார். அந்த ஆண்டு 130 ஆட்டங்கள் கொண்ட சீசனில் 210 ஹிட்! ஜப்பானில் அதுவரை யாரும் 200-ஐத் தொட்டதில்லை. அதிலிருந்து 2000 வரை ஏழு ஆண்டுகளும், ஜப்பானின் இரு முதன்மை லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரி அவருடையது. அங்கே அடித்த 1,278 ஹிட்டுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அவர் முன்பே அமெரிக்கா போயிருக்கலாமே என்றால், போக முடியாது. முதல் நிலை அணியில் ஒன்பது ஆண்டுகள் முடியும்வரை வீரர் அணியின் பிடியில்தான் இருப்பார்; இரண்டாம் நிலை அணியில் கழித்த காலம் அதில் சேராது. 1995-இல் நோமோ ஹிடியோ என்ற ஜப்பானியப் பந்தெறிவாளர் ஓய்வு பெறுவதாக அறிவித்து அந்தப் பிடியிலிருந்து நழுவி அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார்; பிறகு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். 1998-இல் ஏல முறை வந்தது. அன்றைய முறைப்படி அமெரிக்க அணிகள் மூடிய உறையில் தொகை எழுதின; அதிகம் எழுதிய அணி மட்டுமே 30 நாள் வீரரிடம் பேச முடிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானால் ஏலத்தொகை பழைய அணிக்குப் போனது. இச்சிரோவுக்கு சியாட்டில் எழுதியது சுமார் 1.31 கோடி டாலர். இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் ஆரிக்ஸுக்கு அதில் ஒரு காசும் கிடைத்திருக்காது. தாமதத்தின் காரணம் இதுதான்.

"பிறவி இடக்கை ஆட்டக்காரர்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பந்தெறிவது வலக்கையால். சிறு வயதிலேயே இடப்பக்க பேட்டிங் பழகிக்கொண்டவர். அந்தப் பக்கம் நிற்பவருக்கு முதல் பேஸ் ஓரிரு காலடி அருகில்; அடித்து முடிக்கும்போதே உடலும் அந்தத் திசைக்குத் திரும்பிவிடும். 27.4 மீட்டர் ஓட்டத்தில் அந்த ஓரிரு காலடியே அவுட்டா, ஹிட்டா என்பதைத் தீர்மானிக்கும்.

முன்பொரு முறை 2004-இல் அவர் "262 ரன் குவித்தார்" என்று அச்சிட்டபோதும் எழுதினேன், பதில் இல்லை. 262 என்பது ஹிட். பேஸ்களை எல்லாம் சுற்றி வந்து முடித்தால்தான் ரன்; அது 101 மட்டுமே. சராசரிக்குக் கணக்கில் சேரும் 704 பேட்டிங் வாய்ப்புகளில் 262 ஹிட் அடித்ததால் சராசரி .372. அதன் புள்ளியையும் விட்டுவிட்டு 372 என்று போட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் என்னிடம் அவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டுகிறார்கள். மற்ற விளையாட்டுச் செய்திகளுக்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டியிருக்கலாமே என்று மனம் வருந்துகிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: தொடங்கியது 1992, வயது 18, ஜப்பானில் 1,278 ஹிட், அமெரிக்காவில் 3,089. இடமிருந்தால் ஹிட்டுக்கும் ரன்னுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்