பதிவு அலுவலகத்து அறிவிப்புப் பலகை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கொண்டுவர ஓய்வுபெற்ற நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்ததிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே பேச்சு, தூக்கில் போட வேண்டும் என்பதுதான். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலை சங்கர் வழக்கில் 2017இல் ஆறு பேருக்குத் தூக்கு கொடுத்தார்களே, 2020இல் உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்துவிட்டது. அதே காரணத்துக்காகக் கண்ணகி–முருகேசன் ஜோடியின் கொலை நடந்தது 2003இல், கடலூரில் தீர்ப்பு வந்தது 2021இல். தண்டனையை நினைத்துப் பயப்படுகிற ஆட்களா இவர்கள்?

நான் ஒரு பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேறு மதத்தவரைக் காதலித்துவிட்டு, மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. பெயர், வயது, விலாசம் எல்லாம் போட்டு அலுவலகப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். ஒருநாள் ஒருத்தர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, "இதைத் தெளிவா ஒரு பிரிண்ட் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்து அஞ்சு ரூபாயும் வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே பெண் வீட்டார் வந்து பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

கொலையைத் தடுக்கிற சட்டம் என்றால் அந்தப் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். அது மத்தியச் சட்டமாச்சே என்பார்கள். சரி, இந்து திருமணச் சட்டமும் மத்தியச் சட்டம்தான், அண்ணா முதல்வராக இருந்தபோது அதில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கவில்லையா?

அப்புறம், இருக்கிற சட்டங்களின் ஓட்டை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவில் சாதி, சமூகம் போன்ற காரணத்துக்காகக் கொன்றால் தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அதற்கு ஐந்து பேராவது சேர்ந்து செய்திருக்க வேண்டுமாம். அண்ணன்காரன் ஒருத்தன் மட்டும் அரிவாளோடு வந்தால் அது சாதாரணக் கொலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், ஆதிக்கச் சாதி வீட்டில் சொந்த மகளையே கொளுத்தினாலும் அந்தச் சாவுக்கு அது வராது, ஏனென்றால் செத்தவள் பட்டியல் சாதி இல்லை. எந்தச் சாதியில் பிறந்தவர் செத்தார் என்று பார்க்காமல், எதற்காகக் கொன்றார்கள் என்று பார்க்கிற சட்டம் வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், தங்குவதற்குப் பாதுகாப்பான வீடு, இதெல்லாம் உச்ச நீதிமன்றம் 2018லேயே சக்தி வாஹினி என்ற தொண்டு நிறுவனம் போட்ட வழக்கில் சொன்னதுதான். ஆனால் ஓடிவந்த பிள்ளைகள் ஸ்டேஷனில் போய் நின்றால் இன்னும் பல இடங்களில் முதலில் போன் போவது பெற்றோருக்குத்தான். "பேசி அனுப்பிவைக்கிறோம்" என்று அனுப்பிய பிறகு ஏதாவது நடந்தால் அனுப்பிய அதிகாரிக்கு என்ன தண்டனை என்பதையும் புதிய சட்டத்தில் எழுதட்டும்.

அந்த உதவி எண்ணை நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பிரிண்ட் நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
திருநெல்வேலி மாவட்டம்