வறுமை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

வறுமையும் படிப்பறிவின்மையும்தான் பயங்கரவாதத்தை வளர்க்கின்றன என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலைக் கண்ட நாட்டில் இதை எப்படி ஏற்பது? கொழும்பு ஹோட்டல்களில் குண்டை வெடிக்கவைத்தவர்களில் இருவர் வசதியான வாசனைத் திரவிய வர்த்தகரின் பிள்ளைகள். அந்தக் குழுவில் இன்னொருவர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். 250க்கும் அதிகமான உயிர்களைக் குடித்த இவர்களுக்குப் பணத்திலும் படிப்பிலும் என்ன குறை?

நான் மட்டக்களப்பில் படிப்பித்தவள். தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு என் வகுப்பிலிருந்தும் பொடியன்கள் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். கொள்கை விளங்கிப் போனவர்கள் குறைவு. முதலில் ஒருவன் போவான். அடுத்த கிழமை அவனோடு பந்தடித்தவனின் கதிரை காலியாக இருக்கும். அவமானப்பட்ட கோபம் எல்லோருக்கும் இருந்தது, போனவர்களோ கூட்டாளியின் பின்னால் போனார்கள். அப்புறம் தாயின் சொல்லும் காதில் ஏறாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்ட விடுதலைப் புலிகளும் யாரோ ஓர் ஆசிரியையிடம் படித்த பிள்ளைகள்தான். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

முஸ்லிம்களுக்கு எதிரான கலவரங்களில் அளுத்கமவிலும் திகனயிலும் எரிந்த கடைகள், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடிக்காரர் சஹ்ரானின் பேச்சுக்குத் தீனியாயின. அந்த வேதனை நாட்டிலுள்ள எல்லா முஸ்லிம்களுக்கும் இருந்தது. ஆனால் அவரோடு போனது சகோதரர், உறவினர், நண்பர் என்று ஒரு சின்ன வட்டம். தாக்குதலுக்குச் சில நாட்களின் பின், படையினர் சுற்றிவளைத்தபோது, சாய்ந்தமருதில் அவருடைய தகப்பனும் சகோதரர்களும் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குண்டை வெடிக்கவைத்துச் செத்தார்கள். இத்தனைக்கும் அவரைப் பற்றி முன்கூட்டியே முறைப்பாடு செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் சூபி எனும் ஆன்மிக வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவருக்குப் பிடியாணை பிறந்தது, ஆள் பிடிபடவில்லை.

சரி, தாக்குதலுக்குப் பிறகு என்ன செய்தோம்? 2019 மே மாதம் பாடசாலை வாசலில் என் பையைத் திறக்காமலே உள்ளே விட்டார்கள். பின்னால் வந்த முஸ்லிம் ஆசிரியையின் சோற்றுப் பெட்டியைத் திறந்து, கரண்டியால் கிளறிப் பார்த்தார்கள். அவருடைய மாணவிகள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் வடமேல் மாகாணத்தில் பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் கும்பல்கள் அடித்து நொறுக்கின. அடுத்த சஹ்ரானுக்கு வேறென்ன வேண்டும்?

முறைப்பாடு செய்த அந்தக் காத்தான்குடிக்காரர்களை உங்கள் நிருபர்கள் நேரில் சந்தித்து விரிவாக எழுத வேண்டும். ஒரு பிள்ளை திசைமாறுவதை முதலில் காண்பது வீடும் அயலும்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மட்டக்களப்பு